ஆட்சியில் பங்கா, வெளியிலிருந்து ஆதரவா: சின்னக் கட்சியின் கணக்கு

கேள்வி இதுதான். தேர்தலில் யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஒரு சின்னக் கட்சியிடம் கொஞ்சம் இடங்கள் இருக்கின்றன, பெரிய கட்சி கூப்பிடுகிறது. அமைச்சரவையில் சேர்ந்தால் கட்சி கரைந்துவிடும் என்கிறார்கள் சிலர். வெளியிலிருந்து ஆதரித்தால் போதும், கௌரவமாக இருக்கும் என்கிறார்கள் வேறு சிலர். எதைச் செய்வது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமைச்சர் நாற்காலிக்கு வெளியே கட்சிக்கென்று ஒரு பலம் இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சங்கம், விவசாயிகள் அமைப்பு, ஒரு வட்டாரத்தில் அசையாத ஓட்டு, எதுவானாலும் சரி. இருந்தால் தயங்காமல் சேரலாம். சட்டமன்றத்தில் உள்ள எண்ணிக்கை மட்டும்தான் பலம் என்றால், சேர்ந்தாலும் பாடு, சேராவிட்டாலும் பாடு. வெளியிலிருந்து ஆதரவு என்பது ஏதோ பத்திரமான நடுவழி என்று நம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

2006 தமிழகச் சட்டமன்றத் தேர்தல் நினைவிருக்கும். 234 இடங்களில் தி.மு.க.வுக்கு 96, காங்கிரஸுக்கு 34, பா.ம.க.வுக்கு 18, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 9, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 6. ஆட்சிக்கு 118 வேண்டும். கூட்டணிக் கட்சிகள் கையை எடுத்தால் அரசு ஆட்டம் காணும் என்கிற கணக்கு. அப்படி இருந்தும் அமைச்சரவை முழுக்க தி.மு.க.வினர்தான். ஜெயலலிதா விடாமல் ‘மைனாரிட்டி தி.மு.க. அரசு’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மைனாரிட்டி அரசு ஐந்து ஆண்டும் ஓடியது. காரணம் சென்னையில் இல்லை, டெல்லியில் இருந்தது. அங்கே மன்மோகன் சிங் அரசுக்குத் தி.மு.க.வின் 16 எம்.பி.க்கள் தேவைப்பட்டார்கள். இங்கே முறுக்கினால் அங்கே வலிக்கும். ஆக, 34 எம்.எல்.ஏ.க்கள் என்பது காகிதத்தில் பெரிய பலம், நடைமுறையில் பயன்படுத்த முடியாத பலம்.

அந்த ஐந்தாண்டில் ரேஷன் அரிசி 2 ரூபாய்க்கும் பிறகு 1 ரூபாய்க்கும் வந்தது, வீடு வீடாகக் கலர் டிவி வந்தது. இதில் ஒன்றுக்காவது காங்கிரஸுக்கோ பா.ம.க.வுக்கோ நல்ல பெயர் வந்ததா? கிடையாது. ஆனால் 2011-இல் மின்வெட்டுக் கோபமும் அலைக்கற்றைக் கோபமும் கிளம்பியபோது, காங்கிரஸ் 63 இடங்களில் நின்று 5-இல் ஜெயித்தது. நடுவில் போய்த் திரும்பி வந்த பா.ம.க. 30-இல் நின்று 3-இல் ஜெயித்தது. விருந்தில் இலை போடவில்லை, பந்தல்காரருக்குப் பணம் கொடுக்கும்போது மட்டும் கூப்பிட்டார்கள் என்கிற கதைதான்.

வெளி ஆதரவை மிகச் சிறப்பாகச் செய்த உதாரணம் என்றால் 2004-இல் மன்மோகன் சிங் அரசை ஆதரித்த இடதுசாரிகள். சுமார் 60 எம்.பி.க்கள். குறைந்தபட்சப் பொதுத் திட்டம் என்று எழுத்தில் ஓர் ஆவணம், அரசோடு பேச ஓர் ஒருங்கிணைப்புக் குழு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 100 நாள் வேலைச் சட்டம், வன உரிமைச் சட்டம் எல்லாம் அவர்களுடைய நெருக்குதல் இருந்த காலத்தில் வந்தவை. பெல் நிறுவனப் பங்கு விற்பனையைத் தடுத்தார்கள். இதைவிட நன்றாக வெளியே நின்று ஒரு அரசை யாரும் ஆட்டிவைத்ததில்லை என்றே சொல்வேன். சரி, பலன்? 2008 ஜூலையில் அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தத்துக்காக ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். அரசு 275-க்கு 256 என்று தப்பித்தது. 2009 தேர்தலில் 100 நாள் வேலையின் பெயரைச் சொல்லிக் காங்கிரஸ் 206 இடங்களுக்குப் போனது, இடதுசாரிகள் 24-க்கு வந்தார்கள். வங்காளத்தில் சிங்கூர், நந்திகிராம் நிலப் போராட்டங்கள் என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் இதன் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் விலகிய விஷயத்தைப் பாருங்கள். அந்த வருடம் விலைவாசி மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. அதற்காக விலகியிருந்தால் கிளைச் செயலாளர் டீக்கடையில் நின்று இரண்டு நிமிடத்தில் புரியவைத்திருப்பார். அணுசக்தி ஒப்பந்தத்தின் ஷரத்துகளை எந்த டீக்கடையில் விளக்குவது?

இதே அரசில் உள்ளே இருந்த ஒரு கட்சி செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2006 ஜூலையில் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் 10 சதவீதப் பங்கை விற்க மத்திய அரசு முடிவெடுத்தது. நெய்வேலியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தி.மு.க. தன் ஆதரவையே மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும் என்று உணர்த்தியது. பங்கு விற்பனை முடிவுகள் அனைத்தையும் பிரதமர் நிறுத்திவைத்தார், நெய்வேலியை மட்டும் இல்லை. சில நாட்களில் முடிந்த விஷயம் அது. அமைச்சரவைக்குள் இருக்கும் கட்சி, வெளியே தெருவில் நிற்கும் தொழிலாளர், இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தில் அழுத்தியதால் நடந்தது. இந்த இரட்டைப் பிடி கைவசம் இருக்கிறதா என்பதைத்தான் சேர நினைக்கிற கட்சி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது இல்லாமல் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் இருக்கிறது. 2010-இல் லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 57 இடங்கள், 23 சதவீத ஓட்டு. கன்சர்வேட்டிவ் கட்சியோடு சேர்ந்து ஆட்சி அமைத்தார்கள், தலைவர் நிக் கிளெக் துணைப் பிரதமரானார். தேர்தலுக்கு முன்னால் அவர்களுடைய வேட்பாளர்கள், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து ஓட்டுப் போடுவோம் என்று மாணவர் சங்கத்தின் உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள். அதே வருடம் டிசம்பரில் கட்டண உச்சவரம்பு 9,000 பவுண்டாக, ஏறக்குறைய மூன்று மடங்காக, உயர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், கூட்டணி ஒப்பந்தத்திலேயே இந்த விஷயத்தில் அவர்கள் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. ஒதுங்கவும் முடியவில்லை. சம்பந்தப்பட்ட துறையின் அமைச்சரே அவர்கள் கட்சிக்காரர், வின்ஸ் கேபிள். தான் கொண்டுவரும் தீர்மானத்துக்குத் தானே ஓட்டுப் போடாமல் எப்படி இருப்பது? கட்சியின் 21 எம்.பி.க்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள், அமைச்சர்கள் ஆதரித்தார்கள். ஒரே நாளில் கட்சி இரண்டாகத் தெரிந்தது.

அவர்கள் ஒன்றுமே வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. வருமான வரி விலக்கு வரம்பை உயர்த்தியது அவர்களுடைய கோரிக்கைதான். ஏழைக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதியும் வந்தது. ஆனால் நல்லதைப் பெரிய கட்சி தன் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது, கட்டண உயர்வு மட்டும் கிளெக்கின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. தேர்தல் முறையை மாற்ற 2011-இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பும் தோற்றது. 2015-இல் 57 இடங்கள் 8 ஆயின. அவர்களுக்குப் பின்னால் சங்கம் இல்லை, வட்டாரம் இல்லை. இரண்டு பெரிய கட்சிகளையும் பிடிக்காதவர்களின் ஓட்டுதான் இருந்தது. ஒரு பெரிய கட்சியோடு உட்கார்ந்த மறுநாளே அந்த ஓட்டு எழுந்து போய்விட்டது.

இலங்கைக்கு வருவோம். இந்தக் கேள்வியை இலங்கைத் தமிழர்கள் அளவுக்கு அடிபட்டுப் படித்தவர்கள் குறைவு. அங்கே வேறு வேறு காலத்தில் மூன்று பேர் மூன்று விதமாக உள்ளே போனார்கள்.

முதலில் ஜி.ஜி. பொன்னம்பலம். 1947 தேர்தலில் அவருடைய தமிழ்க் காங்கிரஸுக்கு 7 இடங்கள். 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தைக் கட்சி எதிர்த்தது. அப்புறம் அதே வருடம் பொன்னம்பலம் டி.எஸ். சேனநாயக்க அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சரானார். அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தை ஆதரிக்க வேண்டியதாயிற்று. கட்சியின் இன்னொரு தலைவரான செல்வநாயகமும் அவரைச் சார்ந்தவர்களும் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். காங்கேசன்துறை சிமெந்து ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகியவற்றை இன்றும் பொன்னம்பலத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். தமிழ்ப் பகுதிகளுக்கு வேலை கொண்டுவந்த அமைச்சர் என்பதில் சந்தேகமில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: 1952 தேர்தலில் மக்கள் அவரைத் தண்டிக்கவில்லை. தமிழ்க் காங்கிரஸுக்கு 4, தமிழரசுக் கட்சிக்கு 2. செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றார். தண்டனை தாமதமாக வந்தது. 1953-இல் அமைச்சர் பதவி போனது, 1956-இல் சிங்களம் மட்டும் என்ற அலையில் தமிழரசுக் கட்சிக்கு 10, காங்கிரஸுக்கு 1. ஆட்சியில் சேர்ந்தால் அடுத்த தேர்தலிலேயே தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இடைவெளியை மறக்கக் கூடாது. தொழிற்சாலை நிலைத்தது, கட்சி நிலைக்கவில்லை.

இரண்டாவது, அதே தமிழரசுக் கட்சி 1965-இல். டட்லி சேனநாயக்கவுக்குப் பெரும்பான்மை இல்லை, தமிழரசுக் கட்சியிடம் 14 இடங்கள். மார்ச் 24 அன்று டட்லியும் செல்வநாயகமும் ஒப்பந்தம் போட்டார்கள்: மாவட்ட சபைகள், தமிழில் நிர்வாகம், குடியேற்றத்தில் முன்னுரிமை. பொன்னம்பலத்தின் கதை கண்முன் இருந்ததால் ஒரு தந்திரம் செய்தார்கள். தேர்தலில் வென்ற யாரும் அமைச்சராகவில்லை. மேலவை உறுப்பினரான மு. திருச்செல்வம் மட்டும் உள்ளூராட்சி அமைச்சரானார். பாதி உள்ளே, பாதி வெளியே. 1968-இல் மாவட்ட சபை மசோதா எதிர்ப்புக்குப் பயந்து கைவிடப்பட்டது. திருகோணமலை கோணேசர் கோயில் பகுதியைப் புனித பூமியாக்குவது பற்றி ஆராயத் திருச்செல்வம் அமைத்த குழுவைப் பிரதமர் நிறுத்தினார், திருச்செல்வம் பதவி விலகினார். 1970-இல் கட்சிக்கு 13 இடங்கள், ஓட்டில் பெரிய நஷ்டம் இல்லை. கேட்ட பொருள்தான் கைக்கு வரவில்லை. ஒப்பந்தம் இருவரின் கையெழுத்தாக இருந்தது, சட்டமாகவும் இல்லை, தேதியும் இல்லை. மூன்று வருடம் இழுத்த பிறகு பெரிய கட்சிக்கு வேறு கணக்குகள் வந்துவிடும் என்பது எல்லா ஊரிலும் நடப்பது.

மூன்றாவது, மலையகத் தோட்டத் தொழிலாளரின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். இவர் கதை எனக்குச் சுவாரசியமானது. 1947-இல் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் போனவர். குடியுரிமைச் சட்டங்களால் அவருடைய மக்களின் ஓட்டே போய்விட்டது. மறுபடி மக்கள் ஓட்டில் ஜெயித்து வர 1977 வரை, முப்பது வருடம் ஆனது. 1978-இல் ஜே.ஆர். ஜெயவர்தன அமைச்சரவையில் சேர்ந்தபோது யாழ்ப்பாணத்தில் கடும் கோபம். கையில் இருந்த இடமோ ஒன்றே ஒன்று. ஜே.ஆரிடம் ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மை இருந்தது. எண்ணிக்கைப்படி தொண்டமான் தேவையே இல்லை.

ஆனால் அவருடைய தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் இருந்தது. தேயிலைத் தோட்டங்கள் ஒரு வாரம் நின்றால் நாட்டின் அந்நியச் செலாவணி நிற்கும். 1984 ஏப்ரலில், அமைச்சராக இருந்துகொண்டே, தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நடத்தினார். சம்பள உயர்வு வந்தது, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி வந்தது. 1986 தைப்பொங்கலில் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கினார்: காலையில் கொழுந்து பறிக்கப் போகாமல் கோயிலில் உட்கார்ந்து சாமி கும்பிடுவது. இதை வேலைநிறுத்தம் என்று சொல்லி வழக்குப் போடவும் முடியாது, அமைச்சரைக் கண்டிக்கவும் முடியாது. அந்த வருடமே நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது, 1988-இல் இன்னொரு சட்டம் மிச்சத்தில் பெரும்பகுதியைத் தீர்த்தது. 1948-இல் பறித்ததை, பறித்த அதே ஐக்கிய தேசியக் கட்சியின் அரசிடமிருந்து, அமைச்சரவைக்குள் உட்கார்ந்து திரும்ப வாங்கினார்.

அவரைப் பற்றிய குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பிறகும் அமைச்சரவையில் இருந்தார் என்பதை மன்னிக்காதவர்கள் உண்டு, அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயன் வீடுகளும் சம்பளப் பிரச்சினையும் அவர் காலத்தோடு முடிந்துவிடவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அமைச்சர் பதவியே பழக்கமாகிப்போனது. இருந்தாலும் உள்ளே போய் வாங்கினார் என்று நான் காட்டக்கூடியவர்களில் அவர்தான் முதல் ஆள்.

பொன்னம்பலத்துக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தால், பொன்னம்பலத்தின் பலம் முழுக்க அவருடைய வாதத் திறமையிலும் 7 இடங்களிலும் இருந்தது. பதவி ஏற்ற அன்றே இரண்டும் அரசின் சொத்தாகிவிட்டன. தொண்டமானின் பலம் தோட்டத்தில் இருந்தது, அதை அமைச்சரவைக்குக் கொண்டுபோய் ஒப்படைக்க முடியாது.

இப்போது இன்னொரு ஆபத்து, விழுங்கப்படுவது. 1952-இல் சென்னை மாகாணத்தில் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152-தான். வடமாவட்டங்களில் வன்னியர் ஆதரவோடு வந்த இரண்டு கட்சிகளில் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19, காமன்வீல் கட்சிக்கு 6. ராஜாஜி காமன்வீல் தலைவர் மாணிக்கவேலு நாயக்கரை வருவாய்த்துறை அமைச்சராக்கினார். 1954-இல் காமராஜர், உழைப்பாளர் கட்சியின் ராமசாமிப் படையாட்சியையும் அமைச்சரவையில் சேர்த்தார். கொஞ்ச காலத்தில் இரண்டு கட்சிகளும் காங்கிரஸில் கரைந்துவிட்டன. தலைவர்களுக்கு இலாகா கிடைத்தது, கட்சியின் கோரிக்கை எதுவும் நிறைவேறவில்லை. அந்தச் சமூகம் தன் கோரிக்கையை மறுபடி தெருவுக்குக் கொண்டுவர 1987 சாலை மறியல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விழுங்கப்படாமல் இருக்க வழி உண்டா என்றால் பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். முஸ்லிம் லீக் 1967-இல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் தொடங்கி அரை நூற்றாண்டாக ஆட்சியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. கரையவில்லை. ஒரு காரணம், அவர்கள் சுற்றிச் சுற்றிக் கேட்டது கல்வித் துறையை. சி.எச். முகமது கோயா கல்வி அமைச்சராக இருந்தபோது 1968-இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் வந்தது. அடுத்த வருடம் மலப்புறம் மாவட்டம் வந்தது. தங்கள் மக்களுக்கு என்ன வேண்டுமோ அந்த இலாகா, மறுபடி மறுபடி. இன்னொரு காரணம், கேரளத்தில் கூட்டணி தேர்தலுக்கு முன்பே கட்டப்படுகிறது. யார் யாரோடு ஆட்சியில் உட்காருவார்கள் என்று தெரிந்தே மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள், அதனால் பிரிட்டனில் வந்த ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்ற கோபம் அங்கே எழுவதில்லை.

நியூசிலாந்தில் ஒரு விசித்திரமான நடுவழியையும் முயன்றார்கள். 2005-இல் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் என்ற சின்னக் கட்சியின் தலைவர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் அமைச்சரவையில் சேராமலே வெளியுறவு அமைச்சரானார். தன் துறைக்கு மட்டும் பொறுப்பு, மற்றதில் அரசை எதிர்க்கலாம். அவர் கட்சி சீனாவோடான வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டது! நம் ஊரில் இதைச் செய்தால் மூன்று நாளில் மீம்ஸிலேயே அமைச்சர் போய்விடுவார். 2008-இல் அவர் கட்சி ஓர் இடம்கூட இல்லாமல் வெளியே போனது, அதற்கு நன்கொடைச் சர்ச்சையும் சேர்ந்துகொண்டது. எனக்கு இந்த ஏற்பாட்டில் பெரிய நம்பிக்கை இல்லை.

சரி, சேருவது என்று முடிவாகிவிட்டால் பேரம் எப்படி? பதவியேற்புக்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள், தேதியோடு. பதவியேற்ற பிறகு பேசுவது தாலி கட்டிய பிறகு சீர் பேசுவது மாதிரி. கோரிக்கை ஒன்றோ இரண்டோ போதும். அவை முதல் பட்ஜெட்டிலேயே தெரிய வேண்டும், 1965-ஐப் போல மூன்றாம் வருடத்துக்குத் தள்ளக் கூடாது. எண்ணிக்கையைப் பற்றி மயக்கம் வேண்டாம்: 2003-இல் வந்த 91-ஆவது அரசியல் சட்டத் திருத்தப்படி அமைச்சர்கள் சட்டமன்ற உறுப்பினர்களில் 15 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. தமிழகத்தில் முதல்வரையும் சேர்த்து 35. பெரிய கட்சிக்குள்ளேயே அதற்கு அடிதடி இருக்கும். 15 எம்.எல்.ஏ. வைத்திருக்கும் கட்சிக்கு இரண்டு கிடைத்தால் நல்ல பேரம். அந்த இரண்டில் எது என்பதுதான் முக்கியம். கெட்ட பெயர் வாங்கித்தரும் துறையை நண்பர்கள் அன்பாக நீட்டுவார்கள். வின்ஸ் கேபிளுக்கு நீட்டியதைப் போல.

கட்சித் தலைவர் அமைச்சராகக் கூடாது என்றும் நான் சொல்வேன். தொண்டமான் விதிவிலக்கு, அவருக்குச் சங்கம் இருந்தது. மற்றவர்களுக்குத் தலைவர் வெளியே இருந்தால்தான் அமைச்சரைக் கூப்பிட்டு ‘வா வெளியே’ என்று சொல்ல ஓர் ஆள் இருப்பார்.

நீங்கள் எந்த ஊர், எந்தக் கட்சி என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெரிய கட்சிக்குப் பெரும்பான்மைக்கு எத்தனை இடம் குறைகிறது, உங்களை விட்டால் அந்த இடத்தைக் கொடுக்க வேறு யாராவது வரிசையில் நிற்கிறார்களா என்று மட்டும் இன்று இரவு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். வேறு ஆள் இருக்கிறார் என்றால் நாளைக்குக் கேட்க வேண்டியது ஓர் இலாகா, ஒரு சட்டம், அவ்வளவுதான். வேறு ஆளே இல்லை என்றால் கூப்பிட்ட உடனே கிளம்பிப் போகாதீர்கள். இரண்டு நாள் போனை எடுக்காமல் இருந்து, அந்த நேரத்தில் உங்கள் ஒன்றியச் செயலாளர்களைக் கூட்டி, எந்த விஷயம் வந்தால் வெளியே வருவோம் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து எழுதிக்கொள்ளுங்கள்.